ஊர்த் தெரு வழியாகப் போன பாடை

சப்-இன்ஸ்பெக்டராக உத்திரமேரூருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் கொட்டி, அன்று காலைதான் கொஞ்சம் வெறித்திருந்தது. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்காகக் காஞ்சிபுரம் போய்விட்டதால் ஸ்டேஷன் பொறுப்பு என்னிடம். பத்து மணி வாக்கில் போன் வந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு சாவு, பாடையை ஊர்த் தெருவுக்குள் விடமாட்டோம் என்று ஒரு கூட்டம் வழிமறித்து நிற்கிறது என்றார்கள்.

ஏட்டையும் இரண்டு காவலர்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினேன். இறந்தவர் காலனியைச் சேர்ந்த ஓர் அம்மாள். அறுபது வயதிருக்கும். அந்த ஊர்க் கழனிகளில் நாற்று நட்டே காலத்தை ஓட்டியவர். முந்தின நாள் மதியமே உயிர் போய்விட்டது. காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு வயல் வரப்பு வழியாகத்தான் தூக்கிப் போவார்கள். மழையில் வரப்பு கரைந்து, வயலெல்லாம் இடுப்பளவு தண்ணீர். மிச்சமிருந்தது ஊர்த் தெரு ஒன்றுதான். அதன் வழியாகக் காலனிப் பிணம் அதுவரை போனதில்லை.

தெருமுனையில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். பெரும்பாலும் நிலம் வைத்திருக்கும் குடும்பத்தவர்கள். எதிரே ஈரச் சாலையில் பாடையை இறக்கி வைத்திருந்தார்கள். இறந்தவரின் மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே போர்த்திய புடவை காற்றில் விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளிடம்தான் போனேன்.

"எங்கம்மா காலம் பூரா இவுங்க கழனியிலதான் மேடம் நட்டுக்கினு கெடந்துச்சு. நாங்க சண்டைக்கு வரல. தண்ணி வடிஞ்சிருந்தா அந்தப் பக்கமே போயிருப்போம்," என்றாள்.

எனக்கு என் அப்பா போன நாள் நினைவுக்கு வந்தது. வாலாஜாபாத் பக்கம் எங்கள் காலனி. அன்றைக்கும் மழைதான். வரப்புச் சேற்றில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. அப்பாவின் கை வெளியே தொங்கியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யூனிபாரம் போட்டுக்கொண்டு அதையெல்லாம் நினைக்கக் கூடாதுதான். நினைக்கவில்லை என்றால் பொய்.

தாசில்தாருக்குப் போன் செய்தேன். வேறொரு ஊரில் ஏரிக்கரை உடைந்து அங்கே நின்றுகொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் வரப் பார்க்கிறேன் என்றார். சாயங்காலம்வரை அந்த உடல் அங்கே கிடக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலரை ஊர் வரைபடத்தோடு வரச் சொன்னேன். தெரு பஞ்சாயத்துச் சாலை என்று எனக்குத் தெரியும். காகிதம் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஏட்டு என் காதோரம் வந்து, பலகை போட்டு வயல் வழியாகவே அனுப்பிவிட்டால் பிரச்சினை இருக்காது என்றார். கெட்ட மனிதர் இல்லை. இதுபோன்ற இடங்களில் ரத்தம் சிந்திப் பார்த்தவர். பிரச்சினை நமக்கு இருக்காது, அவர்களுக்கு இருக்குமே என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

கூட்டத்துக்கு முன்னால் நின்ற பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரும்மா?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"உத்திரமேரூர் ஸ்டேஷன்யா," என்றேன்.

இதுவரைக்கும் இல்லாத பழக்கம் இப்போது எதற்கு என்று அவர் கேட்டார். அதற்குள் வந்து சேர்ந்த கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வரைபடத்தை வாங்கி விரித்துக் காட்டினேன்.

"இது பஞ்சாயத்து ரோடு. இதுல பால் வண்டி போவுது, டிராக்டர் போவுது, நீங்க போறீங்க. இந்தம்மாவும் போவாங்க. மறிச்சா வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் எழுதுவேன். எழுத வெக்காதீங்க."

குரல் உயரவில்லை. கொஞ்சம் பொறுத்து, இந்த அம்மாள் கடைசியாக யார் கழனியில் நட்டார் என்று அவரிடமே கேட்டேன். அவர் பாடைப் பக்கம் பார்த்தார்.

"எங்களுதுலதான்," என்றார்.

பிறகு ஓரமாக நகர்ந்தார். கேஸுக்குப் பயந்தாரா, இறந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து நகர்ந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் நகர்ந்ததும் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார்கள். மேளம் அடிக்கலாமா என்று ஒருவர் தயங்கிக் கேட்டார். அடிக்கச் சொன்னேன். பாடையைத் தூக்கினார்கள். நான் முன்னால் நடந்தேன். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண்மணி வாசலுக்கு வந்து, பாடை கடந்து போகும்வரை நின்றார். தெரு முடிந்து சுடுகாட்டுப் பாதை வந்தபோதுதான் மூச்சை முழுசாக விட்டேன்.

சாயங்காலம் திரும்பிய இன்ஸ்பெக்டர், கூடுதல் ஆட்களைக் கேட்காமல் போனதற்காகத் திட்டினார். திட்டிவிட்டு, நான் எழுதிய அறிக்கையில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "காக்கிச் சட்ட போட்டுக்கினு நீ முன்னால நடந்தியா?" என்று இரண்டு தரம் கேட்டாள். நடந்தேன் என்றேன்.

தை மாதத்தில் அதே காலனியில் இன்னொரு சாவு. எனக்கு அது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் கிராம நிர்வாக அலுவலர் வேறு வேலையாக ஸ்டேஷனுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னதால். வயலில் தண்ணீர் இல்லையாம். இருந்தும் ஊர்த் தெரு வழியாகவே எடுத்துப் போனார்களாம். எங்களை யாரும் கூப்பிடவில்லை.