ஐஸ்லாந்தும் ஏழாம் மாடியும்

எனக்கு ஐஸ்லாந்து கிடைத்ததற்காக நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். எண்பதுகளின் கடைசி. அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரண்டு கரைகளிலும் உள்ள நாடுகள் சேர்ந்து ஒரு இராணுவக் கூட்டணி வைத்திருக்கின்றன என்று எங்கள் ஆறாம் வகுப்பு ஆசிரியை படிப்பித்து, ஆளுக்கொரு நாட்டைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்திருந்தார். பக்கத்து மேசைக்காரிக்கு அமெரிக்கா. எனக்கு வந்த நாட்டில் இராணுவமே இல்லை. மீனும் பனியும்தான் இருந்தன. பனியை நாங்கள் குடியேறியிருந்த ஸ்காபரோவிலேயே நான் வேண்டியமட்டும் பார்த்திருந்தேன்.

ஆனால் கூட்டணியின் விதி எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாட்டை அடித்தால் எல்லா நாடுகளையும் அடித்த மாதிரி. ஐஸ்லாந்தைத் தொட்டால்கூட அமெரிக்கா வந்து நிற்கும். அன்று பின்னேரமே அந்த விதியை நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டிடத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கே படிக்கட்டில் நின்று என் தம்பியின் தொப்பியைப் பறிக்கும் பெரிய பையன் ஒருவன் இருந்தான். ஏழாம் மாடியில் நாங்கள் இரண்டு பேர், எங்களோடு இருந்த மாமாவின் பிள்ளைகள் இரண்டு பேர், நான்காம் மாடி அன்ரியின் மகன்கள் மூன்று பேர் என்று ஏழு பேர் கையில் அடித்துச் சத்தியம் செய்தோம். அடுத்த நாள் எல்லோரும் ஒன்றாகப் படியிறங்கினோம். அவன் தொப்பியைத் தந்தான். இரண்டு கிழமையில் குடும்பத்தோடு விட்பி என்ற நகரத்துக்குப் போய்விட்டான். எங்களுக்குப் பயந்துதான் போனான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். அவனுடைய அப்பா அங்கே புது வீடு வாங்கியிருந்தார்.

எதிரி போன பிறகு கூட்டணி என்ன செய்வது? ஆசிரியையும் வகுப்பில் இதைத்தான் கேட்டார். முதலில் டாங்கிகள் வரும் என்று பயந்தார்கள். பிறகு ஏவுகணைகளுக்குப் பயந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் சில ஏவுகணைகளை அழிக்கச் சம்மதித்துவிட்டார்கள். இனிக் கூட்டணி கலையுமா, வேறு ஆபத்துக்கு ஏற்றமாதிரித் தன்னை மாற்றிக்கொள்ளுமா? ஜெர்மனி ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. ஐஸ்லாந்து மட்டும் கையை உயர்த்தி, மாற வேண்டும் என்றது. எப்படி என்று கேட்டபோது அது அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டியது.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுப்பர் வீட்டுக்குள் வருவார் என்று எழுதியிருந்தது. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் சுப்பர் என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலக் கடிதம் வாசித்துச் சொல்வது வீட்டில் என் வேலை. அவர் எதற்காக வருகிறார் என்று அதில் இல்லை. எங்களுக்குச் சொல்லவும் தேவையில்லை. இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். வாடகைப் பத்திரத்தில் இருந்தது நாலு பேர். அப்பாவின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதம், சோபாதான் அவருடைய கட்டில்.

"கண்டுபிடிச்சா எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவாங்கள். பிறகு இவனை எங்க கொண்டுபோய் விடுறது?" என்று அப்பா தலையில் கை வைத்தார். சித்தப்பா தன் போர்வையை மடித்தார்.

நான் கூட்டணியைக் கூட்டினேன். மாமாவும் மாமியும் பிள்ளைகளும் நான்காம் மாடி அன்ரி வீட்டுக்கு விருந்தாளிகளாகப் போவது என்று முடிவாயிற்று. சுப்பர் அங்கேயும் எட்டிப் பார்த்தால் ஐந்து விருந்தாளிகள் அதிகம் என்பதால் சித்தப்பா மட்டும் அந்த வீட்டு உடுப்பு அலுமாரிக்குள் இருக்க வேண்டும். அன்ரியின் மகன்மாருக்கு லிஃப்டிலும் படிக்கட்டிலும் காவல். பெரியவர்கள் நான் சொன்னபடி கேட்டார்கள். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அம்மா திறந்தபோதுதான் வாசலைக் கவனித்தேன். ஒன்பது சோடிப் பனிச் சப்பாத்துகளும் அப்படியே குவிந்து கிடந்தன. எங்கள் சனம் கட்டிடத்துக்குள்தானே போகிறோம் என்று வெறுங்காலோடு லிஃப்டில் ஏறிப் போயிருந்தது.

சுப்பர் அந்தக் குவியலைப் பார்த்தார். அதை எட்டிக் கடந்து உள்ளே வந்து, கதிரையில் ஏறி, கூரையில் இருந்த புகை அலாரத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். பொத்தானை அமத்திப் பார்த்தார், அது கத்தியது. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. போகும்போது, உங்கள் வீட்டில் நிறையக் கால்கள் இருக்கின்றன என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டார். வீடு நல்ல துப்புரவாம் என்று மொழிபெயர்த்தேன்.

வென்றுவிட்டோம் என்று நான்காம் மாடிக்குப் பறந்தேன். மாமா குடும்பம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அலுமாரி சாத்தியபடி இருந்தது.

"சித்தப்பா, அவர் போயிட்டார். வெளியில வாங்கோ."

அலுமாரிக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "எத்தினை பேர் வந்தவங்கள்?"

"ஒரேயொரு ஆள்தான்."

"கீழ லொறி ஏதும் நிக்குதோ? வடிவாப் பாத்துச் சொல்லு பிள்ளை."

அவர் அப்படிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. பெரியவர்கள் விளையாட்டில் இவ்வளவு கவனமாக இருப்பதில்லை. ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரோ வீடு மாறுவதற்காகத் தளபாடங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் சித்தப்பா. பெரிய லொறி ஒண்டு நிக்குது."

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அன்ரி கூப்பிட்டார், மாமா கூப்பிட்டார். கடைசியில் அப்பா வந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அலுமாரிக் கதவோடு சாய்ந்து நிலத்தில் அமர்ந்து மெல்லிய குரலில் கதைக்கத் தொடங்கினார். ஊரில் இராணுவ லொறி வந்து நின்ற விடியற்காலைகளையும், அதில் ஏற்றிப்போன பெடியன்களையும், சித்தப்பா ஒளிந்திருந்து தப்பியதையும் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். நான் பொய் சொல்லவில்லைதான். ஆனாலும் அந்தப் பதிலை இப்போதும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. வெளியே கூட்டணி காத்துக்கொண்டு நின்றது. சித்தப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று தம்பி கேட்டான். எங்கள் எல்லோரையும் விட நன்றாக ஒளிக்கத் தெரிந்தவர் அவர்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.