சீனத்துப் படத்தில் சிலம்பரசன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அமராவதியை யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கலைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள் என்றால் போதும். அந்தப் பூவைப் பார்த்து உதட்டைச் சுழிப்பவர்கள் தெருவில் உண்டு. ஏனென்றால் அவள் புருஷன் சிலம்பரசன், கீரப்பாளையத்தில் அறுப்பு மெஷின் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறியவன், போனவன் போனவன்தான். போலீசும் தேடியது, சொந்தபந்தமும் தேடியது. ஒரு துப்பும் கிடைக்காமல் வருஷங்கள் ஓடிவிட்டன. இவள் பொட்டையும் அழிக்கவில்லை, பூவையும் விடவில்லை. செத்தான் என்று சேதியே வராதவனுக்காக எவள் தாலியைக் கழற்றுவாள்? பேசுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கிறது?

சிதம்பரத்தில் இருந்த அவனுடைய அண்ணன் கோவிந்தசாமிதான் அவளை விடவில்லை. ஆடி அமாவாசை நெருங்கினால் போன் வந்துவிடும்.

"புள்ளக்குட்டி இல்லாதவன். நான்தாம்மா செய்யணும். எள்ளுந்தண்ணியும் எறைச்சிடுவோம். செத்தவன பட்டினி போட்டா அந்தப் பாவம் நம்மள சும்மா வுடாது."

"உசுரோட இருக்கறவருக்கு எள்ளு எறைச்சா அது பாவம் இல்லியா மாமா?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அதுதான் கஷ்டம். அவன் இருந்தால் எள் இறைப்பது கொலைக்குச் சமம். இல்லையென்றால் அவனைப் பசியோடு அலையவிடுகிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் படுத்து எழுந்து கொண்டிருந்தாள்.

இந்த வருஷக் கோடை முழுக்கக் கலைக்கூடத்தில் சீனக் கண்காட்சிகள். சித்திரையில் பீங்கான் சாடிகள், வைகாசியில் மலையும் பனியுமாக வரைந்த நீள நீளச் சுருள் ஓவியங்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கூட்டம். அதில் பாதி ஏசிக்காக வந்த கூட்டம் என்பது வேறு விஷயம். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "தொடாதீங்க, தள்ளி நின்னு பாருங்க" என்று சொல்வது அமராவதியின் வேலை. ஆனியில் மூன்றாவது கண்காட்சி வந்து இறங்கியது. எல்லாம் செத்தவர்களின் படங்கள்.

கலைக்கூடத்தின் தலைமை ஸ்ரீமதி மேடம். அவர் வேலையாட்களைக் கூட்டி விளக்கினார்.

"வீட்டுல ஒருத்தர் இறந்துட்டா படம் வரையச் சொல்லி, வருஷப் பிறப்புக்கு மாட்டி வெச்சு, சாப்பாடு படைச்சு ஊதுபத்தி ஏத்துவாங்க. வரையறவரு பல சமயம் இறந்தவரைப் பாத்தே இருக்க மாட்டாரு. மாதிரிக்கு நிறைய கண்ணு, மூக்கு வரைஞ்சு வெச்சிருப்பாரு. இந்தக் கண்ணு, இந்த மூக்குன்னு வீட்டுக்காரங்க கை காட்டுவாங்க. அதை வெச்சு முகத்தை உண்டாக்குவாரு."

எல்லா முகங்களும் நேராகப் பார்த்தன. இரண்டு காதும் தெரிந்தது. கைகள் மட்டும் சட்டைக்குள் ஒளிந்திருந்தன. அதில் ஒருவருக்குப் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. நீலப் பட்டுச் சட்டை, சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி. பெட்டியைப் பிரித்து அந்தப் படத்தைத் தூக்கியபோதே அமராவதி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்ட மாதிரி வாய். அச்சு அசல் சிலம்பரசன். சீனாக்காரனாவது சிலம்பரசனாவது, புத்தி கெட்டுப்போச்சா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனாலும் வாசல் காவலுக்கு இருந்த சார்லஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இந்த ஆளப் பாத்தா ஒனக்கு யாரு நெனப்பு வருதுப்பா?"

"எங்க பெரியப்பா மாதிரி இருக்காருக்கா. கொரோனாவுல போனாரே, அவுரு."

கூடம் பெருக்கும் ஜெயராணி பார்த்தாள். "எங்க தம்பியேதான்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் தம்பி பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தவன்.

அதற்கப்புறம் அமராவதி வந்தவர் போனவரையெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். சிதம்பரத்திலிருந்து வந்த ஒரு காலேஜ் பெண், "எங்கப்பா மாதிரி இருக்காரு" என்றாள்.

"அப்பா நல்லா இருக்காராம்மா?"

"போன பொங்கலுக்குத் தவறிட்டாரு."

உயிரோடு இருக்கும் ஓர் ஆளை யாராவது சொல்லிவிடட்டும், டீக்கடைக்காரர் மாதிரி இருக்கிறார் என்றாவது சொல்லட்டும் என்று திருவந்திபுரம் பெருமாளை வேண்டிக்கொண்டாள். ஒருத்தரும் சொல்லவில்லை. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. மறுபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

இதற்கிடையே மற்ற படங்களின் மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. சோறும் ஊதுபத்தியும் கண்டவர்கள், இப்படி ஊர் விட்டு ஊர் வந்து வெறும் சுவரில் தொங்குகிறார்களே! கூடத்துக்குள் பூ ஆகாது, பூச்சி வரும் என்று கண்டிப்பான உத்தரவு. இருந்தாலும் காலையில் கதவு திறக்கும் முன்னே தன் தலைப் பூவிலிருந்து கிள்ளி ஒவ்வொரு படத்தின் கீழும் ஒன்று வைத்தாள். பெயரில்லாதவருக்கு மட்டும் வைக்கவில்லை. வைத்தால் சிலம்பரசனைச் செத்தவர்களோடு சேர்த்த மாதிரி ஆகிவிடும். அதில் அவள் கெட்டியாக இருந்தாள்.

ஒரு நாள் ஸ்ரீமதி மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கூடத்துல தெனமும் பூ கிடக்குதாமே?"

"தப்புதான் மேடம். பாவமா இருந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு வெச்சேன்."

"ஆளுக்கு ஒண்ணா?" மேடம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கேமராவில் பதிந்ததைத் திரையில் ஓடவிட்டார்.

காலை வெளிச்சத்தில் அமராவதி கூடத்துக்குள் வருகிறாள். வரிசையாக இருக்கும் படங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போகிறாள். பெயரில்லாதவர் முன்னால் நிற்கிறாள். பூவைக் கிள்ளி வைக்கிறாள். நின்றபடி ஏதோ பேசுகிறாள். மேடம் அதற்கு முந்தின நாளைக் காட்டினார், அதற்கும் முந்தின நாளைக் காட்டினார். எல்லா நாளும் அதேதான். வேறு எந்தப் படத்தின் பக்கமும் அவள் கை போகவேயில்லை.

"என்ன பேசறீங்க அமராவதி?"

"தெரியல மேடம்."

சத்தம் பதிவாகவில்லை. அமராவதி தன் உதட்டையே உற்றுப் பார்த்தாள். உதடு மூடி மூடித் திறந்தது. கடைசியில் அவளுக்கே பிடிபட்டது. சாப்புடுங்க என்கிறாள். சாப்புடுங்க, சாப்புடுங்க என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்துக்கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை. திரையில் நிற்கும் பொம்பளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எத்தனை காலமாகத் தெரியுமோ. மேடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வாங்கி மேஜையிலேயே வைத்துவிட்டாள்.

வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று சிதம்பரத்துக்குப் போன் போட்டாள்.

"மாமா, அமாவாசைக்கு நான் வரேன். அவருக்குச் செய்ய வேண்டியத செஞ்சிடலாம்."

"என்னாம்மா சொல்ற? சேதி ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

"யாரு சொன்னா?"

"நாந்தான்."

வருஷம் தவறாமல் எள் இறைக்கச் சொன்ன அந்த மனுஷன் போனிலேயே ஓவென்று அழுதார்.

"நீ முடியாது முடியாதுன்னு சொல்றப்பெல்லாம், அவன் எங்கியோ இருக்கான்னுதாம்மா நானும் நெனச்சுக்குவேன். இப்ப நீயே சொல்லிட்டியே."

அவர் அழுது முடிக்கும்வரை அமராவதி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.