படம் இல்லாத பேனர்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஏதோ ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அது முடிந்ததும் போன் தானாக இன்னொன்றை எடுத்துப் போட்டது. அப்படித்தான் அந்த இசை எனக்குக் கிடைத்தது. அதன் பெயர் வேப்பர்வேவ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். லிஃப்ட்டிலும் பெரிய கடைகளிலும் யாரும் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருக்குமே ஒரு இசை, அதையோ பழைய விளம்பரப் பாட்டையோ எடுத்துக்கொள்வார்கள். வேகத்தைக் குறைத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலி சேர்ப்பார்கள். அவ்வளவுதான். இதிலேயே கிளைகள் உண்டு. ஆளில்லாத மாலில் நடக்கும்போது தூரத்தில் கேட்பதுபோல் செய்தால் அது மால்சாஃப்ட்.

இசைக்கு மேலே ஒட்டும் படங்களுக்கும் ஒரு முறை இருந்தது. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த வானம், பாதி முழுகிய சூரியன், பளிங்குத் தூண்கள், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. மனிதர்கள் இருக்க மாட்டார்கள். நானும் செய்யத் தொடங்கினேன். அண்ணனூர் ரயில் ஸ்டேஷன் அறிவிப்பைப் பதிவு செய்து மெதுவாக்கி, அதன் கீழே ஒரு சோப்பு விளம்பரத்தின் இசையைக் கரைத்துவிட்டது என் முதல் உருப்படி. அதைவிட அதற்குச் செய்த படத்தைத்தான் நிறையப் பேர் பாராட்டினார்கள். எந்தெந்த நாட்டிலோ இருந்தவர்கள் என்னிடம் படம் கேட்டார்கள்.

இதைச் செய்கிறவர்கள் தொண்ணூறுகளின் கம்ப்யூட்டருக்கும் மாலுக்கும் ஏங்குகிறவர்கள். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் மின்விசிறியே கிடையாது. சேக்காட்டில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. அண்ணன் ஐந்தாவதில் நின்றவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பட்டம் வாங்கியதைப் பற்றிப் பெருமைதான். எங்களிடம் இல்லாமலே போன ஒன்றுக்காக ஏங்குவது எனக்கு ஒத்துவந்தது. இல்லாததை இழக்கவும் முடியாது.

அண்ணன் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினான். சாப்பிட உட்காரும்போது என் லேப்டாப்பிலிருந்து வருவதைக் கேட்டுத் தலையை ஆட்டுவான்.

"இன்னா பாப்பா, பாட்டுக்கு ஜொரமா?"

"அது அப்பிடித்தான்."

"டாக்டரான்ட இட்டுகினு போ. ஒரு ஊசி போட்டா எய்ந்து ஓடிடும்."

அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி குடித்தான், லோடு அடித்தான், மறுபடி கீழாநெல்லி குடித்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ஈரல் முடிந்திருந்தது. முப்பது வயது ஆகவில்லை.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று இருக்கவில்லை, வரவில்லை. சாவுக்கு வந்த பெண்கள் என் தலையைத் தங்கள் தோளில் சாய்த்துப் பார்த்தார்கள். சாய்த்த இடத்தில் தலை இருந்தது. பறை அடித்தார்கள், அதுகூட மெதுவாக்கப்பட்டதுபோல எங்கோ தள்ளிக் கேட்டது. சில நாளில் வேலைக்குப் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், இணையக் கடைகளுக்குப் படம் திருத்தித் தரும் ஆபீஸ் அது. மிக்ஸி, செருப்பு, சட்டை எல்லாவற்றையும் அவற்றின் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து வெள்ளையில் வைக்க வேண்டும். நன்றாக வெட்டினேன். மேலாளர் பாராட்டினார்.

கருமாதிக்குப் பேனர் வைக்க வேண்டும் என்று அண்ணனின் சிநேகிதன் வந்தான். அவனும் லோடு வண்டிதான் ஓட்டுகிறான். அண்ணனோடு ஒரே ஸ்டாண்டு.

"தங்கச்சி, பேனர் கடையில சொல்லிட்லாமா? பசங்க போட்டோ எல்லாம் கொடுத்துட்டானுங்கோ."

எங்கள் பக்கத்துப் பேனர்களை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. மேகம், ரோஜா, கண்ணீர் வடிக்கும் கண், 'இமயம் சரிந்தது' என்று ஒரு வரி, கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட நண்பர்கள் வட்டம் வட்டமாக. நடுவில் இறந்தவர், எவனுடையதோ ஒரு கோட்டுக்குள் தலையை மட்டும் ஒட்டி. என் அண்ணனை அப்படி வைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

"கடையில வேணாம்ண்ணா. நானே பண்றேன்."

"நீ பண்ணா இன்னும் ஷோக்கா இருக்கும். படிச்ச புள்ள."

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். "கோட்டு போட்டு வெய்டி."

"அவன் கோட்டே போட்டதில்லையேம்மா."

"அதான் சொல்றேன்."

அப்பா நான் சின்ன வகுப்பில் இருந்தபோதே போய்விட்டார். சுவரில் இருக்கும் அவர் படத்தில் கோட்டும் டையும் உண்டு. ஸ்டூடியோக்காரர் வரைந்து சேர்த்தது. அவர் கட்டட வேலை செய்தவர். நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோனேன்.

நான் செய்தது இதுதான். வெள்ளைப் பின்னணி. கறுப்பு வெள்ளையில் அவன் முகம். கீழே பெயர், அதற்கும் கீழே எது எது என்று குறிப்பிடாமல் பொடி எழுத்தில் பிறந்த தேதி, இறந்த தேதி. வேறு ஒன்றும் இல்லை. ஆபீஸில் யாருக்காவது காட்டினால் நன்றாக இருக்கிறது என்பார்கள். சிநேகிதனுக்கு அனுப்பினேன். அவன் வெகுநேரம் எதுவும் அனுப்பவில்லை. பிறகு 'ஓகே தங்கச்சி' என்றான். படித்தவள் செய்ததைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. கருமாதிக்கு இன்னும் சில நாள் இருக்க, தெருமுனையில் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் அம்மா பால் வாங்கப் போனவள் பால் இல்லாமல் திரும்பி வந்தாள்.

"அந்தப் புது ஃப்ளாட்டுல கீற பொம்பள பேனரப் பாத்துட்டு கேக்குது. இந்தப் பையன் எப்ப காணாம போனான், போலீஸ்ல சொன்னீங்களான்னு."

நான் அவள் கையிலிருந்த காலிப் பையை வாங்கினேன்.

"கெடச்சிடுவான், கவலப்படாதீங்கன்னுச்சு. நல்ல பொம்பளதான். நான் சரின்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

அம்மா முகத்தில் கோபம் இல்லை. அந்தப் பெண் சொன்னதை அவள் ஒரு நொடி நம்பிப் பார்த்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. பால் கூப்பனை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அன்று மதியமே சிநேகிதனைக் கூப்பிட்டு அதை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்துச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"கோச்சிக்காத தங்கச்சி. ஸ்டாண்டுக்கு வர்ற வெளி வண்டிக்காரனுங்க கேட்டானுங்கோ. இன்னா மாமே, இந்தாளு மேல கேஸ் எதுனா கீதா, தேடுறாங்களான்னு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணா?"

"உன்னான்ட எப்பிடிச் சொல்றது?"

லேப்டாப்பைத் திறந்தேன். பின்னணிக்கு ஏதாவது கிடைக்குமா என்று என் படங்கள் இருந்த ஃபோல்டருக்குள் போனேன். அவன் என் பின்னால் குனிந்து நின்றான். ஊதா வானங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தூண்கள், கட்டம் போட்ட தரை, தண்ணீரில் பாதிச் சூரியன்.

"ஏய், நிறுத்து. இதான். செம்மையா கீது. இது யாருக்குப் பண்ணது?"

"யாருக்கும் இல்ல. சும்மா. பாட்டுக்கு."

"சும்மாவா?" அடுத்ததைத் தட்டச் சொன்னான். அதற்கடுத்ததையும். "இத்தினி பண்ணிக்கீறியே, படத்த காணோமே? யாரு செத்தது இதுல எல்லாம்?"

அவன் கேலி செய்யவில்லை. பேனர் என்றால் நடுவில் ஆள் வர வேண்டும், இதில் எல்லாம் இடம் விட்டு வைத்திருக்கிறது, அதனால் கேட்டான். உண்மையாகவே இடம் விட்டுத்தான் இருந்தது. எல்லாப் படங்களிலும் தூண்களுக்கு நடுவில், ஒரு ஆள் மார்பளவுக்கு நிற்கும் அளவு. இத்தனை வருஷமாக நான் அதைக் கவனித்ததில்லை. எங்கள் தெருமுனையில் பார்க்காமல் கடந்த ஒவ்வொரு பேனரும் எனக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் அதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கோட்டு கீதா உன்னான்ட?" என்றான்.

கோட்டை எப்படி வெட்டுவது என்று என்னைவிட யாருக்குத் தெரியும். பேனர் கடைக்காரர்கள் பயன்படுத்தும் இலவசக் கோட்டுகளில் கருநீலமாக ஒன்றை எடுத்தேன். அண்ணனின் படம் வண்டிக்குள் உட்கார்ந்தபடி எடுத்தது; சீட் பெல்ட் தோளில் குறுக்கே போனது. அதை அழித்தேன். தலைமுடி ஓரத்தை இழை இழையாகப் பிரித்தேன். கழுத்தைக் காலரில் பொருத்தப் பெரிதாக்கியபோது, காதுக்குக் கீழே ஒரு சின்ன மச்சம் வந்தது. அவனுக்கு அங்கே மச்சம் இருந்தது எனக்குத் தெரியாது. அழிக்க வேண்டிய கறையா என்று முதலில் பார்த்தேன். அழிக்காமல் கர்சரை நகர்த்திவிட்டேன்.

"ரோஜா?" என்றேன்.

"ரெண்டு பக்கமும். பொறா ஒண்ணு. பசங்க கீழ வந்துடணும், இல்லன்னா என்ன உயிரோட வுட மாட்டானுங்கோ."

"இமயமா, சிகரமா?"

அவன் யோசித்தான். "இமயம் போன வாரம் பக்கத்துத் தெருவுல போட்டுட்டானுங்கோ. நீ சிகரம் போடு."

சிகரம் போட்டேன். வேலை செய்யும்போது வழக்கம்போல அந்த இசை ஓடிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் போடுகிற பாட்டு என்று அவன் நினைத்திருப்பான்.

கருமாதி அன்று காலையில் தலைக்குக் குளித்த ஈரத்தோடு அம்மா தெருமுனைக்குப் போனாள். நானும் போனேன். பேனர் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் விறைப்பாக நின்றது. ஊதா வானத்தின் கீழே, பளிங்குத் தூண்களுக்கு நடுவில், கருநீலக் கோட்டில் அண்ணன். ஒரு ஷேர் ஆட்டோ வேகம் குறைத்து, உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செத்துத்தான் போயிருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா சாலை நடுவிலேயே நின்று பார்த்தாள்.

"தோள்ல கொஞ்சம் லூசா கீதுடி."

"கடைசில எளைச்சிட்டான்லம்மா."

"இல்ல. எப்பவுமே அவனுக்குத் தோள் சின்னது."

"மொத வருஷத்துக்கு பேனர் வெக்கும்போது சரி பண்ணிடறேன்."

"ம்." முந்தானையால் கழுத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிடிச்சி வெய்யி. ரொம்ப இறுக்கமா வேணாம்."

எனக்கு அழுகை ஏதாவது வரும் என்று சிறிது நேரம் நின்றேன். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.