என் மகள் போட்ட முடிச்சு

என் தம்பியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வயதுக்கு மேலாவது விட்டுத் தொலைக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் மகள் பிறந்தபோது, அவளுக்கு இருந்தது இன்னதென்று ஆம்பூரில் எங்கள் தெருவில் யாருக்கும் பேர் சொல்லத் தெரியவில்லை. கண்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. நாக்கு எப்போதும் கொஞ்சம் வெளியே தெரியும். விரல்கள் குட்டை, உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை. நடக்க மூன்று வருஷம் ஆயிற்று. கிரகணத்தன்று வெளியே போனாயா என்று என்னைக் கேட்காத பெண்பிள்ளை தெருவில் பாக்கி இல்லை. இல்லை, இல்லை என்று சொல்லி அலுத்துப்போய், ஆமாம் போனேன், அதுக்கு இப்போ இன்னா என்று கேட்க ஆரம்பித்தேன். பிறகு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புக் குழி வேலை. சாயங்காலம் அந்த நாற்றத்தோடு அவர் வாசலில் கால் வைக்கும்போது ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும் ஆள் அவள் ஒருத்திதான். நானே குளித்துவிட்டு வரச் சொல்லுவேன்.

ஆறு வயதில் அவளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதுதான் எங்கள் வழக்கம். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசியாயிற்று; ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். தம்பி மட்டும் மரத்தடியை விட்டு நகரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். கையை உருவிக்கொண்டான்.

"கணியம்பாடில எனக்குப் பொண்ணு பேசியிருக்குக்கா. ஒனக்குப் பிள்ளையே இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். நம்ம ரத்தத்துல இப்படி ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்க?"

அவளுக்குப் பேச வந்ததே பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள். அதில் மாமா என்பது ஒன்று. அதைச் சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் அவள் அப்பா மடியிலேயே குத்தினோம். ஊசி வலிக்கு அழுதவள், மாமா எங்கே என்றும் சேர்த்து அழுதாள். உயிரோடு இருக்கிற என் பிள்ளையை இல்லை என்று சொன்னானே, அவன் நல்லா இருப்பானா? மனசுக்குள் கறுவிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

பதினோரு மாசம் கழித்துத் தாம்பூலத் தட்டோடு வந்தான். கல்யாணம் பெண்ணின் ஊரில். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும், அதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சரிடா என்றேன். நான் அவ்வளவு லேசில் சரி சொல்கிறவளா? அவனுக்குப் புத்தி இருந்திருந்தால் அப்போதே பயந்திருப்பான்.

நான் முதல் வண்டியில் போனேன். வீட்டுக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பந்தலில் ஜனம் நெருக்கமாக இருந்ததால் அவர்கள் வந்ததை அவன் பார்க்கவில்லை. கெட்டி மேளம் கொட்டியது. அவன் முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாவதை நான் போட்டேன். பிறகு கயிற்றின் இரண்டு முனைகளையும் அவன் கையிலேயே கொடுத்து, விடாமல் பிடி என்று சொல்லிவிட்டு, மகளை மணையருகே கூட்டிவந்தேன்.

பெண் வீட்டார் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மேளம் தானாகவே நின்றது. தம்பிக்குக் கயிற்றை விடவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வேணாங்க்கா, வேணாங்க்கா என்று உதடு மட்டும் அசைந்தது.

"இது யாருடா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

வியர்வை அவன் மூக்கு நுனியில் வந்து நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது.

"எங்க அக்கா பொண்ணு."

அந்தப் பதினோரு மாசமும் நான் என்ன செய்தேன் என்று அவனுக்குத் தெரியாது. நாத்தனார் முடிச்சுக்கு அவன் என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று காது குத்திய அன்றைக்கே எனக்குத் தெரியும். தோல் கட்டு கட்டும் சணல் கயிற்றை வைத்துக்கொண்டு தினம் காலையில் அவளுக்கு ஒரே ஒரு முடிச்சு கற்றுக் கொடுத்தேன். அந்தக் குட்டை விரல்களுக்கு அது மலை. கயிற்றைத் தூக்கி எறிவாள், அழுவாள், நானும் அழுவேன், மறுபடி எடுப்போம். சரியாக விழுந்த ஒவ்வொரு முடிச்சுக்கும் நாங்கள் இரண்டு பேரும் கை தட்டுவோம்.

பந்தல் மொத்தமும் அவள் விரல்களுக்காகக் காத்திருந்தது. ஒரு தடவை நழுவியது. மறுதடவை நாக்கை நீட்டிக்கொண்டு, மெதுவாக, மூன்றாவது முடிச்சை இறுக்கினாள். முடித்ததும் வீட்டில் போலவே தனக்குத்தானே கை தட்டிவிட்டு, எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள். பந்தலில் ஒருத்தரும் தட்டவில்லை.

நான் தம்பியைப் பார்த்தேன். தட்டுடா என்றேன்.

தட்டினான்.