ஆணி அடிக்கக் கூடாத வீட்டுக்கு ஆறு பழைய பிரேம்கள்

போன மாதம் நாலாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, சரவணம்பட்டியிலிருந்து ஈரோடு வரை போய்ப் பழைய மரச்சாமான் வாங்கி வந்தேன். போக வர 182 கிலோமீட்டர். "கோயம்புத்தூரிலேயே கிடைக்காததா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். கிடைக்கும். ஆனால் இங்கே பழைய சாமானுக்கு 'விண்டேஜ்' என்று பெயர் வைத்துப் புதுசை விட அதிக விலை சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு கலைத்தாகம் கிடையாது. எனக்கு வேண்டியது மறுநாள் காலை பத்து மணிக்குள் என் வீடு ஒரு வீடு மாதிரி இருப்பது, அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஆதிரைக்குப் பதினொரு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆதிரை பீளமேட்டில் அம்மாவோடு இருக்கிறாள். மாதத்தில் ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலை என்னிடம் வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்புவாள் என்பது ஏற்பாடு. இப்போதைய வீட்டுக்கு நான் குடிவந்தபின் முதல் தடவை வந்தவள், சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, வந்து கூட்டிட்டுப் போ. இங்க பேசினா எக்கோ அடிக்குது."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் வீட்டில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மெத்தை, பிரிக்காத ஏழு அட்டைப்பெட்டி. டீபாய் கூட ஒரு அட்டைப்பெட்டிதான். சரி, சுவரிலாவது நாலு படம் மாட்டலாம் என்றால், கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "எல்லாஞ் சௌரியமா இருந்துக்குங்க தம்பி. செவுத்துல ஆணி மட்டும் அடிச்சுபோடாதீங்க." முன்பு குடியிருந்த யாரோ ட்ரில் போட்டுத் தண்ணீர்க் குழாயை ஓட்டை செய்துவிட்டார்களாம். யூடியூபில் பழைய பிரேமை வைத்து வீட்டை அழகாக்குவது எப்படி என்று பதினெட்டு வீடியோ பார்த்தேன். பதினெட்டிலும் முதல் வேலை ட்ரில் மெஷினைக் கையில் எடுப்பதுதான். வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு ஜான்சன் அண்ணனின் 'சின்ன யானை' லோடு வண்டியில் கிளம்பினோம். நாள் வாடகை 5,200 ரூபாய், டோல் தனி. காளப்பட்டி வழியாகப் போய் அவிநாசி ரோட்டைப் பிடித்தோம். ஜான்சன் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். அன்னூர் பக்கத்துக்காரர். பதினைந்து வருடமாக வீடு மாற்றும் சாமான்களையே ஏற்றி இறக்குகிறார். ஒருத்தர் சாமானைப் பார்த்தாலே அந்த வீட்டில் சண்டை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். என் சாமானைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பெருமாநல்லூரில் இட்லி, காபி. ரெண்டு பேருக்கும் சேர்த்து 140 ரூபாய்.

8.05க்குப் பெருந்துறை. கிளம்பிய இடத்திலிருந்து 73 கிலோமீட்டர். சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் பழைய சாமான் யார்டுகள் உண்டு. கம்பெனி ஆபீஸ்களும் தொழிலாளர் விடுதிகளும் கழித்துவிடும் மேஜை, பீரோ, கட்டில் எல்லாம் அங்கே வரும். டிராயர் வைத்த ஒரு மர மேஜை 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு கால் மட்டும் லேசாக ஆடியது. அப்புறம் இரும்புக் கட்டில் ஒன்றைப் பார்த்தேன். வெறும் 1,500 ரூபாய். உறுதியான கட்டில். பணத்தை எடுக்கப் போகும்போது ஜான்சன் அண்ணன் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"யாருக்குங்க சார் கட்டிலு?"

"என் பொண்ணுக்குங்கண்ணா. நாளைக்கு வருது."

"அப்ப இது வேண்டாமுங்க. இதப் பாத்தா ஹாஸ்டல் நெனப்புதான் வருமுங்க. ஹாஸ்டல்ல இருக்கற புள்ளைங்க எல்லாம் எப்படா ஊட்டுக்குப் போலாம்னுதானுங்க பாத்துட்டு இருக்கும்?"

எடுத்த பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள், முடிந்தால் இப்படி ஒரு டிரைவரோடு போங்கள்.

அங்கிருந்து ஈரோடு 18 கிலோமீட்டர். ஊருக்குள் நுழையும் முன்பே இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், கட்டில் விற்கும் தகர ஷெட்டுகள் சில இருக்கின்றன. 9.30 மணிக்கு ஒரு ஷெட்டுக்குள் போனோம். கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்பது வயதுப் பெண். தேங்காய் நாரால் ஒரு பிரேமைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் சின்னதும் பெரிதுமாக நூறு பிரேமுக்கு மேல் தொங்கின. நான் வீட்டில் போட்டு வைத்திருந்த திட்டம் ஒன்றே ஒன்றுதான். ஆதிரையின் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நல்ல தேக்கு பிரேமில் வைத்து, ஹாலில் நடுநாயகமாக நிறுத்த வேண்டும். வந்ததும் பார்த்து அசந்துபோவாள் என்று நினைப்பு.

"பன்னெண்டுக்குப் பதினஞ்சுல ஒரு பிரேம் வேணுமுங்க. நல்ல தேக்கா," என்றேன்.

"ஒண்ணு மட்டுமுங்களா? யாரு படமுங்க?"

"என் பொண்ணுங்க."

நாரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். இவ்வளவு மரியாதையான கடையா என்று நானும் வாங்கிக் குடித்தேன்.

"என்ன வயசுங்க?"

"பதினொண்ணுங்க."

"அடக் கடவுளே," என்றார். பிறகு மெதுவாக, "எப்பங்க ஆச்சு?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, நல்லா இருக்குதுங்க! நாளைக்குக் காலையில என்ர ஊட்டுக்கு வருதுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வண்டிக்குள் இருந்த ஜான்சன் அண்ணன் ஓடி வந்துவிட்டார்.

அந்தப் பெண் ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க. இந்த அளவுல ஒத்தப் பிரேம் கேட்டு வாரவங்க முக்காவாசிப் பேரு எழவு ஊட்டுல இருந்துதானுங்க வருவாங்க. பதினாறாம் நாளுக்குள்ள படம் வெக்கோணும்னு அவசரமா வருவாங்க. நீங்களும் லீவு நாள் இல்லாத நாள்ல, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்களா..." என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உசுரோட இருக்கற புள்ளைய ஒத்தப் படமா வெக்காதீங்க. சின்னச் சின்னதா அஞ்சாறு எடுத்துட்டுப் போங்க. சிரிக்கறது, அழுகறது, பல்லு உழுந்தது, எல்லாத்தையும் போடுங்க. அதுதானுங்க ஊடு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு சாமானும் இல்லாத ஹால், அதில் நடுநாயகமாகப் பெரிய பிரேமுக்குள் என் மகளின் முகம். அவர் சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கும் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. நல்லவேளை. வாங்கிப் போய் வைத்திருந்தால் அந்தக் குழந்தை ஏழு மணி வரை கூட இருந்திருக்காது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெளியே வந்து ஆதிரையின் அம்மாவுக்குப் போன் போட்டு, அவள் எங்கே என்று கேட்டேன்.

"ஸ்கூல்லதான் இருக்கா. என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"நாளைக்குக் கொண்டுவந்து விடறேன். ஒரு செட் டிரெஸ் கூட எடுத்து வெக்கல. சாயங்காலமே வந்துருவேன்னு சொல்லிட்டா. இருன்னு கட்டாயப்படுத்தாதீங்க."

சரி என்று வைத்துவிட்டேன். ராத்திரி தங்கவே போவதில்லை என்கிற குழந்தைக்குக் கட்டில் எதற்கு என்று பத்து நிமிடம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய்க் கட்டில் வாங்கினேன். ஒற்றைத் தேக்குக் கட்டில், தலைமாட்டில் கடைசல் வேலை, 4,200 ரூபாய். எழுபது பிரேமைப் புரட்டிப் பார்த்து ஆறு சின்ன பிரேம் எடுத்தேன், ஒன்று 150. கண்ணாடி உடையாமலிருக்க ஒரு மூட்டைத் துணிக் கட்பீஸை நடுநடுவே திணித்துச் சுற்றிக் கொடுத்தார் அந்தப் பெண். ஈரோட்டில் பேப்பரை விடக் கட்பீஸ் மலிவு போல.

ஆணிப் பிரச்சினைக்கும் அங்கேயே வழி கிடைத்தது. ஷெட்டில் பிரேமெல்லாம் எதில் தொங்குகின்றன என்று அப்போதுதான் கவனித்தேன். சேலைக்கடையில் சேலையை விரித்துக் காட்ட வைக்கும் மர ஸ்டாண்டு. ஆறடி உயரம், ரெண்டு கால், நடுவே மூன்று குறுக்குச் சட்டம். அதில் எஸ் கொக்கி போட்டு மாட்டியிருந்தார்.

"இதக் குடுப்பீங்களாங்க?"

"இதக் குடுத்துப்போட்டு நான் எதுலீங்க மாட்டறது? அக்கட்டால ஒண்ணு கெடக்குது. அடிக்கட்டை ஒடஞ்சிருச்சு. ஆவுமான்னு பாருங்க."

ஜான்சன் அண்ணன் பார்த்தார், ஆகும் என்றார். வண்டியிலிருந்த மரக்கட்டையை அளவாக அறுத்து, அடியில் கொடுத்து ஸ்க்ரூ போட்டார். நாற்பது நிமிட வேலை. ஸ்டாண்டு 900 ரூபாய், கொக்கி இலவசம். சாமானை ஏற்றிக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒரு மணிக்குக் கிளம்பி, 3.50க்கு வீடு வந்து சேர்ந்தோம்.

கட்டிலைப் பிரித்து மாடி ஏற்றும் வரை வீட்டுக்கார அம்மா படிக்கட்டிலேயே காவல் நின்றார். "செவுத்துல இடிச்சுபோடாதீங்க, பாத்து, பாத்து." கடைசியில் ஸ்டாண்டு போவதைக் கண்டதும் முகம் மாறி, பின்னாலேயே மேலே வந்தார். அதை நிறுத்தியதும் பின்பக்கம் கையை விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தார். ஆணி இல்லை. "ஏனுங்க தம்பி, சேலைக்கடையே வெச்சுட்டீங்களாட்ட இருக்குது," என்று சிரித்தார். பாதி நிம்மதி அங்கே வந்தது.

மூட்டைப்பூச்சி இருந்தால் சாகட்டும் என்று கட்டில் மூட்டுகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். பிரேம்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வார்னிஷ் நாற்றம் குழந்தைக்கு ஆகாது என்று ஆளிவிதை எண்ணெயை மட்டும் துணியில் தொட்டுத் துடைத்தேன். உள்ளே ஒளிந்திருந்த நிறம் எழும்பி வந்தது. எட்டு மணிக்கு ஆறு பிரேமும் பளபளவென்று ஸ்டாண்டில் தொங்கின. அப்போதுதான் புத்தி வந்தது. உள்ளே வைக்கப் படம்?

போனைத் துழாவினேன். ஆதிரை நன்றாகச் சிரிக்கிற ஒவ்வொரு போட்டோவிலும் அவள் அம்மாவின் தோளோ கையோ இருந்தது. அதை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட எனக்கு மனசு வரவில்லை. அப்படியே வைக்கவும் தைரியமில்லை. வெறும் கண்ணாடியோடு விட்டுவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள், மேஜை டிராயரைத் திறந்து மூடினாள், ஸ்டாண்டு முன்னால் நின்றாள்.

"ஏனுங்கப்பா, எல்லாமே காலியா இருக்கு?"

ஆயிரம் பொய் வாயில் வந்தது. "என்ன வெக்கறதுன்னு அப்பாவுக்குத் தெரியல கண்ணு," என்றேன்.

அவள் கட்பீஸ் மூட்டையைப் பிரித்தாள். பிறகு கத்தரிக்கோல் கேட்டாள், பசை கேட்டாள், நேற்று என்ன நடந்தது என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் துணியை வெட்டி ஒட்டினாள். சிவப்புக் கட்டம் போட்ட துணியில் சின்ன யானை வண்டி. மஞ்சள் துணியில், சுவரைத் தடவும் வீட்டுக்கார அம்மா. கையில் சொம்போடு நான், என் மூக்கு மட்டும் அநியாயத்துக்குப் பெரிது. அந்தக் கடைக்காரப் பெண் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏழு மணி நெருங்க நெருங்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரியாக ஏழு ஐந்துக்கு என் போன் அடித்தது. அவள் அம்மா. எடுத்து ஆதிரையின் காதில் வைத்தேன். அவள் ரெண்டு கையிலும் பசை.

"கீழதான் இருக்கேன். வர்றியா?"

"இன்னைக்கு வேண்டாம்மா. பசை காயல. நாளைக்கு வா. டிரெஸ் மட்டும் கொண்டுவந்து குடுத்துட்டுப் போ."

நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டு முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். வார நாளில் போங்கள், ஆற அமரப் பேரம் பேசலாம். மொத்தச் செலவில் வண்டி வாடகைதான் பெரிசு என்பதால் ரெண்டு குடும்பமாகச் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும். எனக்குச் சாமான் 7,100, வண்டி 5,200, டோலும் சாப்பாடும் தனி. கட்டிலை வாங்கும் முன் தரையில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள், மூட்டைப்பூச்சி இருந்தால் விழும். பிரேமின் நாலு மூலையையும் அசைத்துப் பாருங்கள். சேலை ஸ்டாண்டு கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அதைப் போல உதவி வேறு இல்லை.

படத்தை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள் என்றும் எழுதத்தான் நினைத்தேன். எழுதப் போவதில்லை. ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது ஐந்து பிரேம் நிறைந்திருந்தது, ஆறாவது காலியாகவே தொங்கியது. அதில் நான் ஏதாவது ஒட்டட்டுமா என்று கேட்டேன்.

"தொடாதீங்கப்பா," என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "அது ரெண்டாவது சனிக்கிழமைக்கு."