கல்யாண முருங்கை வேலி

எங்கள் ஆரம்பாக்கம் தெருவில் யார் எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. பின்பக்க வேலியைப் பார்த்தால் போதும். பெயின்ட் கம்பெனிக்காரர் வீட்டில் டிரம்மை வெட்டி நிமிர்த்திய தகரம். டயர் கம்பெனிக்காரர் வீட்டில் பாதி புதைத்த டயர் வரிசை. மெஷின் கம்பெனிக்காரர் வீட்டில் பேக்கிங் பலகை. அதில் குடைப் படமும் கண்ணாடிக் கோப்பைப் படமும் இன்னும் அழியவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகள் கழித்துப் போட்டதெல்லாம் எங்கள் ஊரில்தான் வந்து நிற்கும்.

நான் போவது பிளாஸ்டிக் கம்பெனிக்கு. என் கணவர் இரும்பு உருக்குகிற இடத்துக்கு. எங்களுக்கு வேலி தேவைப்பட்டது பின்வீட்டுக்காரியின் ஆடுகளால். ஞாயிற்றுக்கிழமை லீவில் நான் கீரை விதைப்பேன். முளைத்து நாலு இலை விட்டதும், நான் கம்பெனி பஸ் ஏறிய பிறகு, அவை வந்து அறுவடையை முடித்துவிடும். கேட்டால் அவள், "வாயில்லா ஜீவன்க்கா, அதுக்கு இன்னா தெரியும்?" என்பாள். வாய் இல்லாமல்தான் பாத்தி முழுக்கத் தின்றதாம்.

"கம்பெனில ஷீட்டு சும்மா தர்றான், நாலு கம்பி நட்டு அடிச்சிட்டா வேல முடிஞ்சிது" என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க உருகிய பிளாஸ்டிக் நாற்றத்தையும் இரும்புத் தூசியையும் மூச்சில் இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதன் முகத்திலேயே விழிக்க வேண்டுமா? மண்ணுக்குக் கெடுதல் செய்யாத, மண்ணிலேயே மக்கிப்போகிற வேலிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

முதலில் பனைமட்டை. அது மக்குவதற்குள் கரையான் முந்திக்கொண்டது. அடுத்து மூங்கில் பிளாச்சு. ஒரே மழைக்காலத்தில் சாய்ந்து, ஆடுகள் முதுகு சொறிந்துகொள்ள வசதியாக நின்றது. "உன் வேலி நல்லாத்தான் மக்குது" என்றார் கணவர். அந்த வாரம் அவருக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல்.

கடைசியில் உயிர்வேலி. கல்யாண முருங்கைக் கிளைகளை வெட்டி வந்து நெருக்கமாக நட்டேன். வைத்தால் தானே துளிர்க்கும், உயிரோடு நிற்கும்வரை மக்கவும் மக்காது. துளிரை ஆடு விடாது என்பதால் வெளிப்பக்கம் வேலிகாத்தான் முள்ளை அடுக்கினேன். கையெல்லாம் கீறல். வேலிக்கே வேலி போட்டவள் என்று தெரு சிரித்தது. சிரிக்கட்டும் என்று தண்ணீர் ஊற்றினேன். ஒன்றரை வருடத்தில் அது ஆள் உயரம் தாண்டி, ஆட்டின் தலைகூட நுழையாதபடி அடைத்துக்கொண்டது. முதல்முறையாக எங்கள் வீட்டு அரைக்கீரையை நாங்களே தின்றோம்.

அப்போதுதான் பின்வீட்டுக்காரி வந்தாள். கையில் வெற்றிலைப் பாக்குத் தட்டு.

"பொண்ணுக்குக் கல்யாணம்க்கா. பந்தக்காலுக்கு முருங்கக் கொம்பு ஓணும். அந்த நடுவுல நேரா கீது பாரு, அத்தக் குடு."

பந்தக்காலோடு கல்யாண முருங்கைக் கொம்பு கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேலியிலேயே நேராக நின்றது அது ஒன்றுதான். ஆடுகள் வழக்கமாக வரும் வழியும் அதுதான்; வெளியே அடுக்கிய முள் அதற்குள் மக்கிப்போயிருந்தது. கல்யாணக் காரியத்துக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கால் உயரத்தில் வெட்டிக் கொடுத்தேன்.

கல்யாண அமளியில் ஆடுகளைக் கட்ட ஆளில்லை. நான் பட்டுப்புடவையில் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவை அந்தச் சந்து வழியாகப் புகுந்து என் பாத்தியில் பந்தி போட்டிருந்தன. கை கழுவப் பின்பக்கம் போனபோது அதைப் பார்த்து நான் கத்தியது மேளத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

கல்யாணம் முடிந்து அவள் அதே கொம்போடு மறுபடி வந்தாள். பந்தலில் நின்ற கொம்பை மண்ணில் நட்டு அது துளிர்த்தால், பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக வாழ்வார்கள் என்பது நம்பிக்கை. மாப்பிள்ளை வீடு சென்னையில் மூன்றாவது மாடி. நட மண் இல்லை. அவள் வீட்டிலோ ஆடுகள்.

"உன் வேலியிலயே நட்டுக்கினு போறேன்க்கா. இங்கதான் பத்திரம்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. நட்டாள். அன்று மாலையே ஆடுகள் அத்தனையையும் கயிற்றில் கட்டினாள். என் கீரைக்காக ஒரு நாளும் கட்டாதவள்.

கொம்பு துளிர்க்கவில்லை. தினமும் காலையில் வந்து உற்றுப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் போனதும் நான் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவேன். அது பட்டுப்போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று, இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத எனக்கே கவலையாகிவிட்டது. "கீரைக்குக்கூட நீ இப்டி ஊத்துனதில்லயே" என்றார் கணவர். முறைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணுவில் கடுகளவு பச்சை. வேலி ஓரம் நின்று அவளை உரக்கக் கூப்பிட்டேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டதெல்லாம் திட்டுவதற்குத்தான். தலைமுடியைக்கூட முடியாமல் கையில் குச்சியோடு ஓடிவந்தாள்.

"அவுத்துக்கினு வந்துட்ச்சா? எத்தினி பூந்துச்சுக்கா?"

"ஆடு இல்லம்மா. துளிர் உட்டுகீது, வந்து பாரு."

குச்சியைக் கீழே போட்டாள். குனிந்து அந்தக் கணுவைத் தொடப் போனவள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.