வழி விட்ட ஆள்

நம்புவதானால் நம்புங்கள். நம்பாவிட்டால் போங்கள். உங்களிடம் நற்சான்று வாங்கி நான் ஒன்றும் வேலைக்குச் சேரப் போவதில்லை. என் காலால் நடந்து, என் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை எதுவும் இதில் கிடையாது. அதெல்லாம் கதை அளக்கிறவன் பிழைப்பு. இது நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் மாப்பிள்ளையால் வந்தது. படித்தவர். பழைய ஊர், முந்நூறு வருஷத்துத் தெருக்கள், வண்டியே உள்ளே வராது, எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம் என்று ஒரு ஊரைக் கண்டுபிடித்து எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். நாற்பது வருஷம் லாரி ஓட்டினவனிடம், வண்டி வராத தெருவைப் பார் என்றால் அவன் என்ன சொல்வான்? மகள் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

ஊரா அது? கிழவன் தலைக்கு மை அடித்த மாதிரி வீட்டுக்கு வீடு ஒரு சாயம். இடிந்து விழ வேண்டிய சுவருக்கெல்லாம் பித்தளைப் பலகை. இரும்புக் கடையாக இருந்த இடத்தில் தொப்பி விற்கிறார்கள். தானியக் கிடங்கில் சோப்பு விற்கிறார்கள். கல் பாவிய தெருவில், பல் போன வாய் மாதிரி, பாதிக் கல்லைக் காணோம். அதையும் குனிந்து குனிந்து படம் எடுக்கிறது ஒரு கூட்டம். எங்கள் தெருவில் பள்ளம் இருந்தால் நகராட்சியைத் திட்டுவோம். இங்கே பள்ளத்துக்குப் பெயர் பாரம்பரியம்.

பேத்தி தூங்கிவிட்டாள். மகளும் மாப்பிள்ளையும் விடுதி அறையிலேயே இருந்துகொண்டார்கள்.

"நீங்களும் அத்தையும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க மாமா. தொலைஞ்சு போகவே முடியாத ஊரு இது."

கிளம்பினோம்.

என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொள்கிறவள். சாப்பாட்டு நேரம் தப்பினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், நாக்குக் குழறும், அப்புறம் ஆள் கீழே. போன வருஷம் சமையல்கட்டில் அப்படி விழுந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிரோடு பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்கும். அவளிடம் கொடுத்து வைத்தால் வழியில் பார்க்கிற பிள்ளைகளுக்கெல்லாம் நீட்டிவிட்டு வெறும் கையோடு நிற்பாள்.

நடக்கும்போது நான் முன்னால் போவேன். அவள் பின்னால் வருவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். கைகோத்து நடக்க நாங்கள் என்ன சினிமாவா எடுக்கிறோம்? திரும்பியும் பார்க்க மாட்டேன். லாரிக்காரன் கழுத்தைத் திருப்புகிறவன் இல்லை. பக்கக் கண்ணாடியில் பார்ப்பான். தெருவில் அதற்குக் கடைக் கண்ணாடி இருக்கிறது. இல்லையென்றால் காது இருக்கிறது. அவளுக்கு இடது முட்டி வலி. செருப்பை இழுத்து வைப்பாள். சரக்... டப். சரக்... டப். அது கேட்டால் ஆள் வருகிறாள் என்று அர்த்தம்.

"என்னங்க, அந்தக் கடையைப் பாருங்களேன்."

"சோப்புக் கடை. குளிக்காதவன் பாக்கட்டும்."

"கொஞ்சம் மெதுவாப் போங்களேன். என்ன, லோடு இறக்கணுமா?"

"லோடே பின்னாலதான வருது."

"இந்த வாயை அடகு வெச்சா ஒருத்தன் அஞ்சு பைசா குடுக்க மாட்டான்."

இப்படிப் பேசிக்கொண்டே மணிக்கூண்டுக்கு வந்தோம். அது நாலு இருபது காட்டியது. அங்கே தெரு இரண்டாகப் பிரிகிறது. கொடி பிடித்த ஒருவன் பின்னால் ஆட்டு மந்தை மாதிரி ஒரு கூட்டம் குறுக்கே புகுந்தது. நான் முழங்கையால் விலக்கிக்கொண்டு வலதுபக்கச் சந்தில் ஏறினேன்.

இரைச்சல் அடங்கியது. பின்னால் காது கொடுத்தேன். சரக்... டப். வருகிறாள்.

அந்தச் சந்து முழுக்கப் படிகள். இரண்டு பக்கமும் சாயம் பூசிய வீடுகள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு குருவிகூட இல்லை. நான் ஊரைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

"இதைப் பாக்க டிக்கெட் வேற போட்டாரு உன் மருமகன்."

"ம்."

"மூச்சு வாங்குதா?"

"ம்."

நடையை நிறுத்தவில்லை. பையிலிருந்த இரண்டு மிட்டாயையும் எடுத்துக் கையைப் பின்னால் நீட்டினேன்.

"இந்தா, வாயில போடு."

வாங்கிக்கொண்டாள். விரல் பட்டது. ஈரமாக இருந்தது. வேர்க்கிறது போலிருக்கிறது, சாப்பிடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் காகிதம் பிரிக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக... ரொம்ப மெதுவாக... அவசரமே இல்லாத மாதிரி.

எனக்கு அலுப்பு. அலுப்பு வந்தால் நான் என் மச்சானைப் பிடித்துக்கொள்வேன்.

"உன் தம்பியைக் கூட்டிட்டு வந்திருக்கணும். இந்த ஊருக்கு ஏத்த பய. மேல சாயம், உள்ள செல்லரிச்சது."

"ம்."

என் கால் தயங்கியது.

அவள் தம்பியை அரை வார்த்தை சொன்னால் போதும். என் பரம்பரையையே தெருவில் இழுத்துப் போட்டு அடிப்பாள். காய்ச்சலில் கிடந்த அன்றுகூட எழுந்து உட்கார்ந்து சண்டை போட்டவள்.

'ம்' மட்டும்தானா?

இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"குடிகாரப் பய."

"ம்."

அது அவள் குரல்தான்.

முன்னால் மூடிய கடை ஒன்று. அதன் கண்ணாடி கொஞ்சம் சாய்வாக, லாரிக் கண்ணாடி மாதிரியே இருந்தது. பார்த்தேன்.

என் தோள் தெரிந்தது. பின்னால் படிகள் தெரிந்தன. வெயில் தெரிந்தது.

ஆள் இல்லை.

சரக்... டப்.

கண்ணாடியில் படி காலியாக இருக்கிறது. சத்தம் மட்டும் ஏறி வருகிறது.

சரக்... டப்.

பிடரியில் மூச்சு பட்டது...

திரும்பினேன்.

யாரும் இல்லை. எனக்கு அடுத்த படியில் இரண்டு மிட்டாய்க் காகிதம். பிரித்து, விரலால் நீவி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்திருந்தது. மிட்டாய் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. கையில் இருந்த மிட்டாய் இரண்டும் போய்விட்டது. அவளிடம் ஒன்றுமில்லை. அவளே இல்லை.

இந்த வயதில் எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். மணிக்கூண்டுக்கு வந்து இடதுபக்கச் சந்தில் புகுந்தேன். கொஞ்ச தூரத்தில் நீலச் சுவர் ஒன்றுக்கு எதிரே, தரையில் அவள். தொப்பிக் கடைப் பெண் மடியில் சாய்த்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க. அந்தச் சுவத்தைப் பாத்துப் பேசிட்டே நின்னாங்க. அப்படியே சரிஞ்சுட்டாங்க."

என் வீட்டுக்காரி கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க... உள்ள போகலையா?"

"எங்க?"

கையைத் தூக்கிக் காட்டினாள். நீலச் சுவரில் ஒரு பழைய கதவு. திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கீழே இறங்குகிற படிகள்.

அதைப் போய் ஆராய எனக்கு நேரமில்லை. அவளைக் கைத்தாங்கலாக விடுதிக்குக் கூட்டிப் போனேன். பக்கத்தில் பக்கத்தில் நடந்துதான்.

அறையில் சாப்பிட்டுத் தெளிந்த பிறகு சொன்னாள். கூட்டத்தில் என் சாம்பல் கலர்ச் சட்டையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாளாம். அதே முதுகு. அதே வழுக்கை. கூப்பிட்டால் திரும்பவில்லையாம். "நீங்கதான் திரும்ப மாட்டீங்களே, அதனால நான் ஒண்ணும் நினைக்கல" என்றாள். தலை சுற்றுகிறது, மிட்டாய் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். அந்த ஆள் கதவருகே போய் நின்றிருக்கிறான்.

"நானும் உள்ள போகக் காலைத் தூக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அவரு ஒதுங்கி நின்னாரு. நான் முதல்ல போகட்டும்னு வழி விட்டாரு."

"சரி?"

"நீங்க என்னைக்கு எனக்கு வழி விட்டிருக்கீங்க? அப்பவே தெரிஞ்சு போச்சு... இது நீங்க இல்லன்னு."

கதவு பக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சிரித்தார். சர்க்கரை இறங்கினால் இப்படியெல்லாம் தோன்றும் அத்தை என்றார். எனக்கு யார் சர்க்கரையை இறக்கினார்கள் என்று கேட்டேன். வெயில் மாமா, வெயில் என்றார். படித்தவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

மறுநாள் காலை ஊரைவிட்டுக் கிளம்புமுன் அவரை அந்தச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரே பார்க்கட்டும்.

நீலச் சுவர் இருந்தது. கதவு இருந்தது. திறந்தேதான் இருந்தது. மாப்பிள்ளை கிட்டே போய்க் கையை நீட்டினார். கை உள்ளே போகவில்லை.

சுவர். வெறும் சுவர்.

"மாமா, இது பெயிண்ட்டு!" விழுந்து விழுந்து சிரித்தார். "ஃபோட்டோ எடுக்கறதுக்காக வரைஞ்சு வெச்சிருக்காங்க. யாரு வரைஞ்சதோ, செம கை. இருட்டு, படி எல்லாம் நெசமாட்டமே இருக்கு பாருங்க."

தடவிப் பார்த்தேன். சுண்ணாம்புதான். சில்லென்று இருந்தது.

அந்த நேரம் பெயிண்டர் ஒருவன் ஏணியும் வாளியுமாக வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றான்.

"நீங்கதான் வரைஞ்சதா தம்பி?" மாப்பிள்ளை கேட்டார். "படியெல்லாம் பிரமாதம்."

"நான் படி வரையலை சார்."

"அப்புறம்?"

"மூடின கதவு. பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் போட்டு மூடினதாத்தான் வரைஞ்சேன்." ஏணியைச் சுவரில் சாய்த்தான். "ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வரையறேன்."

மாப்பிள்ளை சிரிப்பு நின்றது.

பெயிண்டர் என்னைப் பார்த்தான்.

"யாராவது உள்ள போனாங்களா ஐயா?"

"இல்ல."

"போன தடவை திறந்தப்போ ஒரு அம்மாவைக் காணோம்" என்றான்.

வாளியைத் திறந்து, கீழ்ப்படியிலிருந்து அடைக்க ஆரம்பித்தான். அவசரமாக.